கைப்பேசிக்குள் பயிலும் வட்டம்

டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் லட்சக்கணக்கானோர் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அந்தக் குழுக்கள் கொடுப்பது என்ன, பறிப்பது என்ன?

இரவு பத்தே முக்கால். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர்களின் டெலிகிராம் குழு ஒன்றில் க்விஸ் வந்து விழுகிறது: ‘தமிழ்நாட்டில் உள்ள ராம்சார் ஈரநிலங்கள் எத்தனை?’ விடைகள் நான்கு: 14, 16, 18, 20. அரை நிமிடத்துக்குள் வாக்குகள் குவிகின்றன. நான்கு விடைக்கும் ஆள் இருக்கிறது.

ஒருவர் நடப்பு நிகழ்வுத் தொகுப்பின் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுகிறார். அதில் 14. இன்னொருவர், தேர்ச்சி பெற்ற யாரோ கையால் எழுதிய குறிப்பின் பிடிஎஃப்பை ஃபார்வர்டு செய்கிறார். அதில் 16. ‘எங்க சென்டர் மெட்டீரியல்ல 18தான் இருக்கு’ என்று மூன்றாமவர். வாதம் ஏறுகிறது. பதினொரு மணியைத் தாண்டிய பிறகு, அதுவரை வாய் திறக்காத ஒருவர் நான்கே வரிகள் எழுதுகிறார். 2022இல் 14. 2024 ஜனவரியில் கரைவெட்டியும் லாங்வுட் சோலையும் சேர்ந்து 16. அதே ஆண்டு ஆகஸ்டில் நஞ்சராயனும் கழுவெளியும் சேர்ந்து 18. 2025 பிப்ரவரியில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து 20.

தவறாகச் சொன்னவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. கையில் கிடைத்ததை ஒழுங்காக மனப்பாடம் செய்தவர்கள். அவர்களிடம் வந்து சேர்ந்த ஒவ்வொரு பிடிஎஃப்பும் அது தயாரான நாளில் சரியாகத்தான் இருந்தது. பிறகு கைமாறிக்கொண்டே வந்தது. எப்போது எழுதியது என்ற தேதி மட்டும் கூட வரவில்லை.

இந்த ஒரு கேள்விக்குள்ளேயே நம் காலத்துப் படிப்பின் இரண்டு முகமும் இருக்கிறது. பழைய எண்ணைக் கொண்டுவந்து கொடுத்ததும் குழுதான். அது பழையது என்று தேர்வுக்கு முன்பே சொல்லித் திருத்தியதும் குழுதான். இதே பிழையைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து மாணவி செய்திருந்தால், விடைக்குறிப்பு வெளிவந்த அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஓர் இடத்துக்கு 350 பேர்

2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.9 லட்சம் பேர். அறிவிக்கையில் சொல்லப்பட்ட இடங்கள் 3,935. ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல். 2022இல் இந்தத் தேர்வுக்கு சுமார் 22 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு நுழையக்கூடிய அரசுப் பணிகள் இவை. ஒரு குடும்பத்தின் முதல் அரசு வேலை பெரும்பாலும் இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது.

200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். கட்-ஆஃபில் ஒரே ஒரு கேள்வி வித்தியாசத்தில் நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ராம்சார் எண்ணிக்கை போன்ற ஒன்று தவறிப்போனால் அதன் விலை இன்னும் ஓராண்டுக் காத்திருப்பாக இருக்கலாம்.

இந்தப் போட்டிக்குப் பயிற்சி பெற ஒருகாலத்தில் சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருந்தது. விடுதிக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வீட்டில் அனுமதி. மூன்றும் ஒருசேர அமைபவர் எத்தனை பேர்? ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு இரவு அறைக்குத் திரும்புகிறவருக்கும், குழந்தையைத் தூங்க வைத்த பிறகே புத்தகத்தைத் தொட முடிகிற பெண்ணுக்கும் வகுப்பறை எட்டாத தூரம். அவர்கள் படிக்கிற நேரத்தில் விழித்திருக்கிற ஒரே இடம் கைப்பேசிக் குழு. அதை ‘சும்மா போனை நோண்டிக்கிட்டு இருக்கு’ என்று ஒதுக்குகிற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பேச்சு மாற வேண்டும்.

ஜெராக்ஸ் கடையிலிருந்து டெலிகிராம்வரை

குறிப்புகள் கைமாறுவது புதிதல்ல. சீனியரின் நோட்டு, அதைப் பார்த்து எழுதிய நோட்டு, அதன் ஜெராக்ஸ், ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்றுதான் முன்பும் நடந்தது. பயிற்சி மையங்கள் இருக்கும் தெருவில் ஸ்பைரல் போட்ட கட்டுகள் அடுக்கிய ஜெராக்ஸ் கடை இல்லாமல் இருக்காது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் ‘தன்னார்வப் பயிலும் வட்டம்’ என்ற பெயரில் இலவசப் பயிற்சி இன்றும் நடக்கிறது. சேர்ந்து படிப்பது என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது. வகுப்புகள் மூடப்பட்டன, எல்லாம் கைப்பேசிக்குள் போனது. அப்போது வாட்ஸ்அப் குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. டெலிகிராமில் ஒரு குழுவில் இரண்டு லட்சம் பேர்வரை சேரலாம். பெரிய கோப்புகளைப் போடலாம். புதிதாகச் சேர்கிறவர் முந்தைய பதிவுகளையும் புரட்டிப் பார்க்கலாம். தன் எண்ணைக் காட்டாமல் இருக்கலாம். அதே ஆண்டு ஜனவரியில் டெலிகிராம் கொண்டுவந்த க்விஸ் வசதி, தேர்வர்களுக்காகவே செய்ததுபோல் அமைந்துவிட்டது. பொதுமுடக்கம் முடிந்து மையங்கள் திறந்தன. குழுக்கள் அப்படியே நின்றுவிட்டன.

---
பெட்டிச் செய்தி: எண்களில்

குரூப் 4 வினாத்தாள்: பொதுத்தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25 கேள்விகள். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படாது.

வாட்ஸ்அப் குழு உறுப்பினர் வரம்பு: 256 ஆக இருந்தது 2022இல் முதலில் 512 ஆகவும், அந்த ஆண்டு இறுதியில் 1,024 ஆகவும் உயர்ந்தது.

டெலிகிராம்: 2013 ஆகஸ்டில் தொடக்கம். குழுவில் 2 லட்சம் பேர்; சேனலில் வரம்பே இல்லை. கட்டணமின்றி அனுப்பக்கூடிய ஒரு கோப்பின் அளவு 2 ஜிபி.
---

சேர்த்து வைத்ததும் படித்ததும்

குழுக்களில் இருக்கும் யாருடைய கைப்பேசியையும் வாங்கிப் பாருங்கள். சேவ்டு மெசேஜஸ் பகுதியில் பிடிஎஃப்புகள் அடுக்கடுக்காக இருக்கும். ‘6 முதல் 12 வரை வரலாறு ஒரே பிடிஎஃப்பில்’, ‘கடைசி நேர ரிவிஷன் 50 பக்கம்’, ‘டாப்பர் கையெழுத்து நோட்ஸ்’. அதில் திறந்து பார்த்தவை சில. முழுக்கப் படித்தவை மிகச் சில. ஒரு பிடிஎஃப்பை இறக்கி வைத்தவுடன், அந்தப் பாடத்தை முடித்துவிட்ட நிம்மதி மனசுக்குள் வந்துவிடுகிறது. இந்த நிம்மதிதான் பெரிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன். புத்தகம் இல்லாதவருக்கு இல்லை என்பதாவது தெரியும். எல்லாம் கைப்பேசியில் இருக்கிறவருக்கு, தன் நினைவில் எதுவும் இல்லை என்பது தேர்வறையில்தான் தெரிகிறது.

டாப்பரின் கையெழுத்துக் குறிப்புக்கு ஏன் அவ்வளவு மவுசு? அதை வைத்துத்தானே அவர் வென்றார் என்ற நம்பிக்கை. அவர் வென்றது அதை எழுதியதால். பாடநூலின் பத்துப் பக்கத்தைப் படித்து, எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தனக்குத்தானே முடிவு செய்து ஒரு பக்கமாகச் சுருக்கினாரே, அந்த உழைப்பில்தான் பாடம் மனசில் பதிந்தது. நம் கைக்கு வருவது அந்த உழைப்பு முடிந்த பிறகு மிஞ்சிய தாள். அவர் விட்டுவிட்ட இடங்கள் அவருக்குத் தெரிந்த இடங்கள். நமக்குத் தெரியாத இடங்களாக இருக்கலாம்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு தரப்பு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு தரப்பு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. தேர்வு நடப்பது ஐந்து நிமிடம் கழித்து அல்லவே.

அப்படியென்றால், ஒரு படிப்புக் குழுவின் தரத்தை அங்கே எத்தனை பிடிஎஃப் இருக்கிறது என்று பார்த்து எடைபோடக் கூடாது. ஒரு நாளில் எத்தனை கேள்விகள் கேட்கப்படுகின்றன, தவறான விடைக்கு யார் காரணம் சொல்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஐந்து பேர், பத்துக் கேள்வி

நன்றாக இயங்கும் குழுக்கள் பெரும்பாலும் சிறியவை. பெரிய சேனல்களில் சந்தித்துக்கொண்ட நான்கைந்து பேர் தனியாக ஒரு குழு தொடங்குகிறார்கள். பாடங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு வேலூர்ப் புரட்சி என்றால், அந்தப் பாடத்துக்குப் பொறுப்பேற்றவர் இரவுக்குள் பத்துக் கேள்வி போட வேண்டும். ஒவ்வொரு கேள்வியோடும் வகுப்பு, பாடம், பக்க எண் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாத கேள்விக்கு அங்கே மதிப்பில்லை.

கேள்வி போடுவது எளிது என்று நினைக்கிறோம். ‘1806இல் புரட்சியை அடக்க கில்லஸ்பியின் குதிரைப்படை எங்கிருந்து விரைந்து வந்தது?’ என்று ஒருவர் எழுதுகிறார். விடை ஆற்காடு. அதோடு முடியவில்லை, மூன்று தவறான விடைகளும் வேண்டும். அவை சட்டென்று ஒதுக்கிவிடக் கூடியவையாக இருக்கக் கூடாது. ஆரணி, வாலாஜா, செங்கல்பட்டு என்று அவர் தேடித் தேடி வைக்கும்போது, வேலூரைச் சுற்றியிருக்கும் ஊர்களின் வரைபடமே அவர் மனசில் உருவாகிவிடுகிறது. பாடத்தை அதிகம் கற்றவர் அந்த இரவில் அவர்தான்.

திறனறிவுப் பகுதியில் இந்தக் குழுக்கள் செய்யும் வேலையைப் பார்த்தால் மனம் நெகிழும். பத்தாம் வகுப்போடு கணக்கைக் கைகழுவிவிட்டு, ஏழெட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். ‘ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிப்பார்கள் எனில், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?’ இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பின்னங்களை எண்ணிப் பயந்து நிற்கிறவருக்கு, குழுவில் ஒருவர் ரஃப் தாளில் போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறார். 12க்கும் 18க்கும் மீ.சி.ம. 36. மொத்த வேலை 36 பங்கு என்று வைத்துக்கொள். முதல் ஆள் நாளுக்கு 3 பங்கு, அடுத்த ஆள் 2 பங்கு. சேர்ந்தால் 5. முப்பத்தாறை ஐந்தால் வகுத்தால் 7.2 நாள். போடும் வழியில் பின்னமே வரவில்லை. கீழே ஒரு குரல்பதிவு, தன் ஊர்ப் பேச்சிலேயே: ‘இதே மாதிரி 10, 15 போட்டுப் பாருங்கக்கா, வந்துடும்.’ சொல்லிக் கொடுப்பவருக்கு ஆசிரியர் பயிற்சி கிடையாது. ஆனால் எந்த இடத்தில் பயம் வரும் என்று அவருக்குத் தெரியும். போன மாதம் அவரும் அங்கேதான் நின்றார்.

ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் இது நடப்பதில்லை. அங்கே சந்தேகம் கேட்டால், பதில் வருவதற்குள் நாற்பது ஃபார்வர்டுகள் அதை மூடிவிடும். இதுகூடத் தெரியாதா என்று யாராவது நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. பெரிய குழுவை அறிவிப்புப் பலகையாக வைத்துக்கொள்ளலாம். படிப்பது சிறிய குழுவில்தான்.

எண்ணைக் காட்டியதன் விலை

படிப்புக்காக வாட்ஸ்அப் குழுவில் சேர்கிற பெண்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ‘ஹாய் சிஸ்டர், எந்த ஊரு?’ என்று தனிச் செய்தி வரும். பதில் போடாவிட்டால் மறுநாள் அழைப்பு வரும். ‘நோட்ஸ் வேணும்னா பர்சனலா வாங்க’ என்று அழைப்பவர்களும் உண்டு. வீட்டில் யாராவது அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டால், அனுப்பியவனுக்கு ஒன்றும் ஆகாது. படிப்பு நிற்பது அந்தப் பெண்ணுக்கு. திருமணத்துக்குப் பிறகு படிப்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. புகார் சொல்வதைவிடக் குழுவை விட்டு வெளியேறுவது எளிது என்று வெளியேறிவிடுகிறார்கள். அவர்கள் எழுத முடியாமல் போன தேர்வுக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அட்மின்கள் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். தனிச் செய்தி அனுப்பித் தொல்லை தருபவர் பற்றி ஒருவர் சொன்னாலே, விசாரணை, சமரசம் என்று இழுக்காமல் அந்த நபரை நீக்க வேண்டும். பெண்கள் மட்டுமே சேரும் குழுக்கள் பல தொடங்கப்பட்டதற்குக் காரணமும் இதுதான். டெலிகிராமில் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், ஃபோன் நம்பரை யாருக்கும் தெரியாதபடி வைக்கலாம். நம்மைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதையும் அங்கேயே கட்டுப்படுத்தலாம். வாட்ஸ்அப்பிலும் இந்த இரண்டாவது வசதி இருக்கிறது. இவற்றைச் செய்துவிட்டுக் குழுவில் சேருங்கள். முகப்புப் படத்தில் குழந்தையின் படம் வேண்டாம்.

   

‘லீக்’ என்ற வியாபாரம்

தேர்வு நெருங்க நெருங்கக் குழுக்களில் இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கும். ‘கொஸ்டின் பேப்பர் ரெடி. முதல் 50 பேருக்கு மட்டும்.’ கியூஆர் கோடு ஒன்று. பணம் அனுப்பியவருக்கு வருவது பழைய மாதிரித் தேர்வு வினாத்தாள், அல்லது ஒன்றுமே வராது. 2025 நீட் தேர்வுக்கு முன்னால், இப்படிப் பொய்த் தகவல் பரப்பிய 106 டெலிகிராம் சேனல்களையும் 16 இன்ஸ்டாகிராம் சேனல்களையும் கண்டறிந்ததாகத் தேசியத் தேர்வு முகமை அறிவித்தது.

பணம் பறிபோவதைவிடப் பெரிய சேதம் நம்பிக்கை பறிபோவது. 2024 ஜூன் 18இல் நடந்த யுஜிசி நெட் தேர்வை நினைத்துப் பாருங்கள். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். மறுநாளே தேர்வு ரத்து. டெலிகிராமில் வினாத்தாள் முன்கூட்டியே வந்துவிட்டது என்றார்கள். சிபிஐ விசாரித்தபோது தெரியவந்தது வேறு: முன்கூட்டியே கசிந்ததுபோலக் காட்டிய அந்த ஸ்கிரீன்ஷாட் திருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் வழக்கை முடித்துவைக்கும் அறிக்கையை சிபிஐ தாக்கல் செய்தது. அதற்குள் தேர்வர்கள் இரண்டு மாதம் காத்திருந்து, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மறுபடி எழுதி முடித்திருந்தார்கள். ஒரு திருத்திய படம், ஒன்பது லட்சம் பேரின் உழைப்பு.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தேர்வர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். டெலிகிராம் சேனலில் போட்ட பதிவைப் பின்னால் திருத்தலாம், படத்தையே மாற்றலாம். ஆனால் பதிவுக்குக் கீழே முதலில் போட்ட நேரமே நிற்கும். தேர்வுக்கு முதல் நாள் இரவு ஏதோ ஒரு படத்தைப் போட்டு வைக்கிறார்கள். தேர்வு முடிந்து வினாத்தாள் வெளியே வந்ததும் பழைய படத்தை எடுத்துவிட்டு அதை வைக்கிறார்கள். பார்க்கிறவருக்கு, முதல் நாளே வினாத்தாள் வந்துவிட்டதுபோலத் தெரியும். நேரத்தின் பக்கத்தில் ‘எடிட்டட்’ என்ற சிறிய சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக வந்தால் அதையும் வெட்டியிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வதந்திகள் சீக்கிரம் பற்றிக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு உண்மையிலேயே நடந்தது. 2020 ஜனவரியில் 99 தேர்வர்களுக்கு டிஎன்பிஎஸ்சி வாழ்நாள் தடை விதித்தது. ஒருமுறை சுட்டுக்கொண்டவர்கள் அடுத்த வதந்தியையும் நம்பத்தான் செய்வார்கள். அதனால்தான் தேர்வாணையம் வதந்தி கிளம்பிய உடனே, அன்றைக்கே தமிழில் பதில் சொல்ல வேண்டும். மௌனம் நீடிக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும் ஃபார்வர்டுகள் பெருகுகின்றன.

---
பெட்டிச் செய்தி: பணம் போய்விட்டதா?

‘வினாத்தாள் தருகிறேன்’ என்று பணம் பறித்தவர் பற்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கும் வாய்ப்பு உண்டு. அவர்கள் பதிவை அழிப்பதற்குள் சேனலின் பெயர், இணைப்பு, பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

மத்தியத் தேர்வுகளுக்கான பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம் 2024 ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. முறைகேட்டில் ஈடுபடுவோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறை. திட்டமிட்ட கும்பலாகச் செய்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதமும்.
---

யாருடைய உழைப்பு?

இந்தப் பேச்சில் வசதியாக மறந்துவிடுகிற ஒரு தரப்பு இருக்கிறது: எழுதியவர்கள். சிறிய ஊரில் பயிற்சி மையம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து நூறு கேள்வி தயாரிக்கிறார். டெஸ்ட் பேட்ச்சில் கட்டணம் கட்டிய யாரோ ஒருவர் படம் எடுக்கிறார். மறுநாள் காலை அது முப்பது சேனல்களில், வேறு யாருடைய வாட்டர்மார்க்கோடோ சுற்றுகிறது. ஏழை மாணவருக்கு இலவசமாகக் கிடைத்தது நல்லதுதானே என்று கேட்கலாம். அந்த ஆசிரியர் அடுத்த ஆண்டு மையத்தை மூடிவிட்டால், அதே மாணவருக்குத்தான் நஷ்டம். அதோடு, பல சேனல்கள் இலவசமும் கிடையாது. திருடியதைக் கட்டணக் குழுவில் விற்கிறார்கள்.

சட்டம் இதில் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்துக்காகப் புத்தகப் பகுதிகளைத் தொகுத்து நகல் எடுத்துக் கொடுத்தது குற்றம் என்றார்கள். 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்காகச் செய்யும் நகலை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது என்று மாணவர் பக்கம் நின்றது. அதே நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இன்னொரு வழக்கில் வேறு திசையில் நடந்தது. போட்டித் தேர்வுப் பயிற்சியாளர் நீத்து சிங், தன் புத்தகங்களும் காணொலிகளும் டெலிகிராம் சேனல்களில் விற்கப்படுவதாக முறையிட்டார். சேனல் நடத்துகிறவர்களின் எண், ஐபி முகவரி உள்ளிட்ட விவரங்களை ஒப்படைக்க டெலிகிராமுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. தங்கள் சர்வர்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன என்ற வாதம் எடுபடவில்லை. டெலிகிராம் விவரங்களைக் கொடுத்தது.

வகுப்புத் தோழருக்கு நாலு பக்கம் நகல் எடுத்துக் கொடுப்பதும், ஒருவருடைய புத்தகத்தை முழுதாக ஆயிரக்கணக்கானோருக்கு விற்பதும் ஒன்றல்ல. இந்தக் கோடு அட்மின்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அரசே இலவசமாகத் தருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முழுதாக இணையத்தில் இருக்கின்றன. பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் தேர்வாணையத்தின் தளத்தில் இருக்கின்றன. வேலைவாய்ப்புத் துறையின் மெய்நிகர் கற்றல் தளமும், சென்னை அண்ணா மேலாண்மை நிலையத்தின் ‘எய்ம் டிஎன்’ யூடியூப் சேனலும் இருக்கின்றன. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் தேர்வர்கள் காலையிலிருந்தே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் பழைய பிடிஎஃப் ஏன் சுற்றுகிறது? பாடநூலில் ‘தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்’ என்று இருந்த காலம் ஒன்று உண்டு. 2019இல் ஐந்து புதிய மாவட்டங்கள் வந்து 37 ஆயின. 2020இல் மயிலாடுதுறையோடு 38. அடுத்தடுத்த பதிப்பில் அரசு திருத்திவிடுகிறது. தனியார் சுருக்கக் குறிப்புகளை யாரும் திரும்பிப் போய்த் திருத்துவதில்லை. நடப்பு நிகழ்வுகளில் மாறக்கூடிய எண்களை மட்டும் தொகுத்து, மாதம் ஒரு முறை தேதியிட்ட நான்கு பக்கக் குறிப்பாகத் தேர்வாணையமோ வேலைவாய்ப்புத் துறையோ வெளியிட்டால் போதும். அதை மாநிலம் முழுக்கக் கொண்டு சேர்க்க ஒரு ரூபாய் செலவில்லை. குழுக்கள் ஒரே இரவில் அதைச் செய்துவிடும்.

விடைக்குறிப்பு வந்த அன்று

இந்தக் குழுக்களின் பலத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால், தேர்வு முடிந்த அடுத்த சில நாள்களில் பார்க்க வேண்டும். தேர்வாணையம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிடுகிறது. அதில் தவறு இருப்பதாகத் தோன்றினால், குறித்த நாளுக்குள் ஆதாரத்தோடு இணையவழியில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தனியாள் ஒருவர் 200 கேள்வியையும் பாடநூலோடு ஒப்பிட்டு முடிப்பதற்குள் கெடு முடிந்துவிடும்.

குழு இதைப் பிரித்துக்கொள்கிறது. தமிழ்ப் பகுதியை இருவர், வரலாற்றை ஒருவர், அறிவியலை ஒருவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சந்தேகமான ஒரு கேள்விக்குப் பதினோராம் வகுப்புப் பாடநூலின் பக்கத்தை ஒருவர் போடுகிறார். அது பழைய பதிப்பு என்று இன்னொருவர் மறுக்கிறார். புதிய பதிப்பின் அதே பக்கம் வருகிறது. அதிலும் அதே வரி. ஆட்சேபத்தில் என்ன எழுத வேண்டும், எந்தப் பக்கத்தை இணைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் போகிறது. ‘எனக்கு இந்தக் கேள்வி சரியாத்தான் வந்திருக்கு, மாத்தினா எனக்கு மார்க் போகும்’ என்று சொல்கிறவரும் அந்தக் குழுவில் உண்டு. அப்படிச் சொன்ன பிறகும், பக்க எண்ணைத் தேடிக் கொடுக்கிறவர்களில் அவரும் ஒருவராக இருக்கிறார்.

இறுதி விடைக்குறிப்பு வரும்வரை யாருடைய ஆட்சேபம் ஏற்கப்பட்டது என்று தெரியாது. அதற்குள் குழுவின் பெயர் மாறியிருக்கும். அடுத்த அறிவிக்கையின் ஆண்டு அதில் ஏறியிருக்கும். புதிதாகச் சேர்கிறவர்களின் முதல் கேள்வி வழக்கம்போல ‘நோட்ஸ் பிடிஎஃப் இருக்கா?’ என்பதாகத்தான் இருக்கும். நல்ல அட்மின் அதற்கு ஒரு கேள்வியைப் பதிலாகப் போடுகிறார். விடையோடு வகுப்பும் பக்க எண்ணும் சொல்லச் சொல்கிறார்.